பட்டறைக்குப் போக ஒரு வழி

பழுதுபட்ட வண்டி பட்டறைக்குப் போகாமல் சீர்படாது. காகிதங்கள் காலாவதியான வண்டியோ சாலையில் இறங்கவே கூடாது. இந்த இரண்டு நியாயங்களுக்கும் இடையே அகப்பட்டுத் தவிக்கும் ஏழை வண்டிக்காரரைப் பற்றிச் சட்டம் செய்தவர்கள் போதிய அளவு சிந்திக்கவில்லை. இது அற்ப விஷயமென்று சிலர் எண்ணக் கூடும். ஒரு மனிதர் தமது பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டத்தை மீறியே ஆகவேண்டும் என்ற நிலை எங்கே உண்டோ, அங்கே அற்ப விஷயம் எதுவுமில்லை என்பது நமது அபிப்பிராயம்.

திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். விசைத்தறியின் ஓசையே அவ்வூரின் மூச்சு. நூலைக் கொண்டுவரவும் நெய்த சேலையைக் கொண்டுபோகவும் வண்டி வேண்டும். நாலைந்து தறி வைத்திருப்பவர் ஒருவர் பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூலித் தகராறோ, நூல் விலையேற்றமோ வந்து தறி நிற்கிறது. தறியோடு வண்டியும் நிற்கிறது. நாலு மாதம் கழித்துத் தறி மறுபடி ஓடத் தொடங்கும்போது இன்ஷூரன்ஸ் முடிந்திருக்கிறது, 'எப்.ஸி.' என்று வண்டிக்காரர்கள் சொல்லும் தகுதிப் பத்திரமும் முடிந்திருக்கிறது. எப்.ஸி. வாங்க வேண்டுமானால் வண்டியைச் சீர்செய்து பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்த வேண்டும். சீர்செய்யத் திருத்தணிக்கோ, எல்லைக்கு அப்பால் நகரிக்கோ கொண்டுபோக வேண்டும். எப்படிப் போவது? இரவில் போகிறார், சந்து வழியே போகிறார், போலீஸார் கண்ணில் படாமல் போகிறார். இந்த நிலைமைக்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமல்ல.

சட்டம் தவறானதென்று நாம் சொல்ல வரவில்லை. மோட்டார் வண்டி வைத்திருப்போர், வழியில் போகும் மூன்றாம் நபருக்கு நேரும் தீங்கிற்கு இன்ஷூரன்ஸ் செய்தே தீரவேண்டுமென்ற ஏற்பாடு, 1939-ம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயமாக வகுக்கப்பட்டு, 1946 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அச்சட்டத்திற்குப் பதிலாக வந்த 1988-ம் வருஷத்துச் சட்டத்தின் 146-வது பிரிவும் அதையே வற்புறுத்துகிறது. மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் அபராதம் 4000 ரூபாய். இந்தக் கண்டிப்பு வேண்டியதே. ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிச் சாலைகளைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். காவடி தூக்கிப் பெண்டு பிள்ளைகளோடு நடந்து வரும் கூட்டத்தினூடே இன்ஷூரன்ஸ் இல்லாத வேன் ஒன்று வந்து ஒருவரை வீழ்த்திவிட்டால், அந்தக் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்?

உரிமையாளரிடந்தான் நிற்கவேண்டும். இன்று நடப்பிலுள்ள 164-வது பிரிவின்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்கும் அவசியமின்றியே மரணத்திற்கு 5 லட்சமும் கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சமும் வண்டியின் உரிமையாளராவது இன்ஷூரன்ஸ் கம்பெனியாவது கொடுத்தாக வேண்டும். கம்பெனி இல்லாத இடத்தில் உரிமையாளர் ஒருவரே மிஞ்சுகிறார். தீர்ப்பான தொகையை நிலவரிப் பாக்கியைப் போலக் கலெக்டர் மூலம் வசூலிக்கவும் சட்டம் இடந் தருகிறது. நாலு தறிக்காரரிடம் 5 லட்சத்தை எப்படி வசூலிப்பது? வீடு போகும், வண்டி போகும், அப்படியும் இறந்தவரின் குடும்பத்திற்கு முழுத் தொகை சேராது. ஒரே விபத்தில் இரண்டு குடும்பங்கள் அழியும்.

இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்து எப்.ஸி. இல்லாவிட்டாலும் ஆபத்துத் தீர்வதில்லை. சரக்கு வண்டிக்குத் தகுதிப் பத்திரம் இல்லையேல் அது முறைப்படி பதிவான வண்டியாகவே கருதப்படாதென்று 56-வது பிரிவு கூறுகிறது. தகுதிப் பத்திரமின்றி ஓட்டுவது பாலிஸி நிபந்தனையை அடிப்படையிலேயே மீறுவதாகுமென்று கேரள ஹைகோர்ட்டின் முழு ஆயம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. இந்த நியாயப்படி, பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்தாலும், அதை உரிமையாளரிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொள்ள வழியுண்டு. எனவே பட்டறைக்குப் போகும் வண்டிக்கு இரண்டு துணை வேண்டும்: வழியில் போகிறவரைக் காக்க இன்ஷூரன்ஸ்; அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் எப்.ஸி. இல்லாக் குறையைப் பொறுத்துக்கொள்ளும் அனுமதி.

இன்ஷூரன்ஸை முதலில் வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். வாங்கலாந்தான். ஆனால் நமது நாட்டில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் வழக்கமாக ஒரு முழு வருஷத்துக்கே விற்கப்படுகிறது. மொத்த எடை 7500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அடிப்படைக் கட்டணம் வருஷத்திற்கு 16,049 ரூபாய். நாலு மாதம் வருமானமில்லாமல் இருந்தவர், வண்டி ஒரு நடை ஓடுமுன்பே இத்தொகையைக் கட்ட வேண்டும். பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "இது இனி தேறாது, ஐயா" என்று சொல்லிவிட்டால், இரும்புக் கடைக்குப் போகும் வண்டிக்கு வருஷ இன்ஷூரன்ஸ் கட்டியதாக முடியும். இந்த பயத்தினாலேயே பலர் 'பட்டறை வரைக்குந்தானே' என்று துணிந்துவிடுகிறார்கள். இந்நாட்டு வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓடுவதாக நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று 2024-ல் கவலை தெரிவித்தது. வெறும் அலட்சியம் மட்டும் அதற்குக் காரணமல்ல.

இத்தகைய முடிச்சு நமக்குப் புதிதல்ல. புகைப் பரிசோதனைச் சான்று இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கலாகாதென்று சுப்ரீம் கோர்ட் 2017 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் இன்ஷூரன்ஸ் முடிந்த வண்டி, புகைப் பரிசோதனை செய்யும் இடத்திற்குச் சட்டப்படி எப்படிப் போகும்? இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிகள் பெருகினால் விபத்தில் அடிபடுகிறவர்களே நஷ்டமடைவார்கள் என்ற வாதம் எடுத்துக்காட்டப்பட்டபின், 2024 ஜூலையில் அந்நிபந்தனையைக் கோர்ட்டே நீக்கிவிட்டது. உயர்ந்த நீதிமன்றம் தன் கட்டளையின் விளைவைக் கண்டு திருத்திக்கொள்ள முடியுமானால், சர்க்கார் தன் விதிகளைத் திருத்திக்கொள்வதில் அவமானம் என்ன?

சட்டம் இந்தக் கஷ்டத்தை அறியாததுமல்ல. பழுதுபார்க்கும் பொருட்டுக் காலியாகச் செல்லும் வண்டிக்குப் பர்மிட் வேண்டியதில்லை என்று 66-வது பிரிவு விலக்களிக்கிறது. வண்டி வியாபாரிக்கு 'டிரேடு சர்ட்டிபிகேட்' உண்டு. அதைக் கொண்டு அவர் பதிவாகாத வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் வரலாமென்று மத்திய விதிகள் தெளிவாகவே கூறுகின்றன. பழுதான வண்டியைக் குறைந்த வேகத்தில் பட்டறை வரை ஓட்டிச்செல்ல அதிகாரி எழுத்து மூலம் அனுமதிக்கும் முறை சில மாநிலங்களின் விதிகளில் காணப்படுகிறது. வியாபாரத்திற்குப் பயன்படுத்தாத தன் சொந்த வண்டிகளுக்கோ, கட்டாய இன்ஷூரன்ஸிலிருந்தே சர்க்கார் விலக்குப் பெற்றுக்கொண்டிருக்கிறது! சர்க்காருக்குக் கஜானா இருக்கிறது; வியாபாரிக்குச் சர்ட்டிபிகேட் இருக்கிறது. நெசவாளிக்கு என்ன இருக்கிறது? அவர் விலக்குக் கேட்கவில்லை. மூன்று நாளுக்குரிய பணத்தை வாங்கிக்கொண்டு மூன்று நாளுக்கு இன்ஷூரன்ஸ் கொடுங்கள் என்றுதான் கேட்கிறார்.

இது நடவாத காரியமா? பிரிட்டனில் 1930-ம் வருஷச் சட்டமே இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது. பழைய கார்களுக்கு வருஷாந்தரப் பரிசோதனை 1960-ல் வந்தது. முன்கூட்டி நேரம் குறித்துக்கொண்ட பரிசோதனைக்குப் போகும் கார், பரிசோதனைப் பத்திரம் இல்லாமலே போகலாமென்று அங்கே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் போக அனுமதியில்லை. அதற்காகவே ஒரு நாளுக்கும் சில மணி நேரத்துக்குங்கூட அங்குள்ள கம்பெனிகள் பாலிஸி விற்கின்றன. பிரிட்டனைப் பார்த்து எல்லாவற்றையும் நகல் செய்ய வேண்டுமென்று நாம் ஒருநாளும் சொல்ல மாட்டோம். அவர்களுடைய சட்டத்தின் கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சௌகரியத்தை விட்டுவிடுவது புத்திசாலித்தனமாகுமா என்றே கேட்கிறோம். நமது விதிகளிலும், முழுப் பாலிஸி வருமுன் கொடுக்கப்படும் 'கவர் நோட்டு' 60 நாள் செல்லுபடியாகும் என்ற ஏற்பாடு உண்டு. ஆகவே குறுகிய காலப் பத்திரம் என்பது நமது சட்டத்துக்கு அந்நியமானதல்ல.

நமது யோசனை இதுதான். பட்டறைக்கும் எப்.ஸி. பரிசோதனைக்கும் போய்வர மூன்று நாள் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஒன்றைக் கம்பெனிகள் தரவேண்டும். புறப்படும் இடம், சேரும் இடம், நாள் ஆகியவை அதில் குறிக்கப்பட வேண்டும். வண்டி காலியாகச் செல்ல வேண்டும்; ஆளும் சரக்கும் ஏற்றலாகாது. அந்தப் பத்திரமுள்ள வண்டிக்கு, அதே பயணத்துக்கு மட்டும் எப்.ஸி. குறை குற்றமாகக் கொள்ளப்படலாகாது. ஒரு வண்டிக்கு வருஷத்தில் இரண்டு முறைக்கு மேல் இதைக் கொடுக்கலாகாது. 16,049 ரூபாயைப் பங்கிட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு 44 ரூபாய்கூட ஆகவில்லை. கம்பெனி தன் செலவுக்காக ஐந்து மடங்கு வாங்கினாலும் மூன்று நாளுக்கு 660 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

மோசடிக்கு இது இடங்கொடுக்கும் என்பார்கள். இன்று திருட்டுத்தனமாக ஓடும் வண்டியைவிட, பெயரும் பாதையும் நாளும் பதிவான வண்டியைக் கண்காணிப்பது எளிதல்லவா? பிரேக் இல்லாத வண்டியையும் இந்தச் சாக்கில் ஓட்டுவார்கள் என்பார்கள். அதை நாம் ஆதரிக்கவில்லை. காகிதம் காலாவதியான வண்டி வேறு. பிரேக்கும் ஸ்டியரிங்கும் கெட்ட வண்டி வேறு. பின்னதை எந்தப் பத்திரமும் சாலையில் விடலாகாது. அதை ரெக்கவரி வண்டியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும்.

காலதாமதம் இனி உதவாது. எப்.ஸி. பரிசோதனையைத் தானியங்கி நிலையங்களுக்கு மாற்றும் விதிகளை மத்திய சர்க்கார் 2021-ல் வகுத்தது. இயந்திரம் பாரபட்சம் காட்டாது, வரவேற்கிறோம். ஆனால் பெரிய நிலையங்கள் சிலவே அமையுமானால், அம்மையார்குப்பத்து வண்டி போகவேண்டிய தூரம் அதிகமாகும். தூரம் நீளும்போது வழியில் நடக்கிறவர்களின் ஆபத்தும் நீளும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸின் அடிப்படைக் கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய சர்க்காரே; அதற்கு ஆலோசனை சொல்வது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம். இவ்விருவரும் மனம் வைத்தால் போதும்.

அதுவரை வண்டிக்காரர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. 'பட்டறை வரைக்குந்தானே' என்று துணியாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வந்து, வண்டி தேறுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தேறுமானால் முதலில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், பிறகு பட்டறை, பிறகு எப்.ஸி. என்ற வரிசையை மாற்றாதீர்கள். எப்.ஸி. இல்லாத வண்டியைப் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போங்கள். ரெக்கவரி வண்டிக்குக் கொடுக்கும் வாடகை, கோர்ட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. நெசவாளர் சங்கங்களிலும் வண்டிக்காரர் சங்கங்களிலும் உழைக்கும் நண்பர்கள் இக்கோரிக்கையைத் தீர்மானமாக்கித் தங்கள் பிரதிநிதிகளிடம் சேர்ப்பிக்க வேண்டும். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந் தேதி தமிழ் மண்ணுடன் சேர்ந்தது யாரும் தானாகக் கொடுத்ததனாலல்ல. இடைவிடாமல் கேட்டதனால் என்பதை அவ்வட்டாரத்து ஜனங்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. சட்டத்திற்கு அடங்கி நடக்க விரும்புகிறவருக்கு அடங்கி நடக்க ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் திறந்துவிடுவது சர்க்காரின் கடமை.