கம்பனி வொரண்டியா, கடை வொரண்டியா?

போன் வாங்கப் போனால் எங்களில் பலர் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: “அண்ணை, இது கம்பனி வொரண்டியா, கடை வொரண்டியா?” இரண்டுக்கும் விலை வேறு. பெட்டிக்குள் இருப்பது ஒரே போன்தான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். கடை வொரண்டியோடு வாங்கினவரை “கள்ளச்சாமான் வாங்கிட்டார்” என்று ஒருவரும் சொல்வதில்லை. காசையும் ஆபத்தையும் நிறுத்துப் பார்த்து ஒரு முடிவெடுத்தார், அவ்வளவுதான்.

கதை சுவிஸ் மணிக்கூட்டுக்கு வந்ததும் இந்தத் தெளிவு எங்கேயோ போய்விடுகிறது. “ஷோரூமில வாங்கினால்தான் ஒரிஜினல், இணையத்தில கழிவு விலைக்குப் போறதெல்லாம் கொப்பி” என்று ஒரு கூட்டம். “அதே சாமானுக்குக் கூடக் காசு குடுக்கிறவன் விசரன்” என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேச்சிலும் எங்களுக்கு உடன்பாடில்லை.

இது பணக்காரரின் பிரச்சினைதானே என்று கடந்துபோகவும் முடியாது. எங்கட வீடுகளில் ஒரு நல்ல மணிக்கூடு என்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் பல மாத உழைப்பு. கலியாணத்துக்கு மாப்பிள்ளைக்குக் கட்டுவது, சூரிச்சிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ வேலை செய்யும் மாமா கொண்டுவந்து தருவது, முதல் சம்பளங்களைச் சேர்த்து ஒருவர் தனக்கே வாங்குவது. அந்தக் காசு எதற்குப் போகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

சாம்பல் நிறச் சந்தை

கறுப்புச் சந்தை என்றால் சட்டவிரோதம். கொப்பி என்றால் மோசடி. சாம்பல் சந்தை இந்த இரண்டும் இல்லை. கம்பனி செய்த அசல் மணிக்கூடு, கம்பனி அங்கீகரிக்காத ஒருவரின் கையால் விற்கப்படுகிறது. அவ்வளவுதான் அதன் வரைவிலக்கணம்.

அசல் மணிக்கூடு அவர்களிடம் எப்படிப் போகிறது? பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் பின்கதவு வழியாகத்தான். விற்றாலும் விற்காவிட்டாலும் கடைக்காரர் கம்பனியிடம் சரக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. நன்றாக ஓடும் மொடல் வேண்டுமென்றால் ஓடாத மொடலையும் சேர்த்து எடுக்கவேண்டிய நிலைமையும் உண்டு. அலுமாரியில் தேங்கினதை வெளிப்படையாகக் கழிவு போட்டு விற்றால் கம்பனி கோபிக்கும். ஆகவே மொத்தமாக ஒரு இடைத்தரகருக்குத் தள்ளிவிடுகிறார். நாட்டுக்கு நாடு விலையும் நாணய மதிப்பும் வேறுபடுவதால், மலிவான ஊரில் வாங்கி விலை கூடிய ஊரில் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அதாவது சாம்பல் சந்தைக்குச் சரக்கு கொடுப்பதே அங்கீகாரம் பெற்ற சந்தைதான். இது தெரிந்தால் “ஷோரூம் சுத்தம், மற்றது அழுக்கு” என்ற பேச்சு பாதி விழுந்துவிடும்.

ஒமேகா எதிர் கொஸ்ட்கோ

இந்தச் சண்டையின் நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. கொஸ்ட்கோ என்பது அரிசி, சவர்க்காரம், ரயர் எல்லாம் மொத்தமாக விற்கும் பெரிய கடைத்தொடர். அங்கே ஒமேகா சீமாஸ்ரர் மணிக்கூடுகளை 1,299 டொலருக்கு விற்றார்கள். ஒமேகா பரிந்துரைத்த விலை 1,995 டொலர். மணிக்கூடுகள் அசல். ஒமேகா வெளிநாட்டு விநியோகத்தர்களுக்கு விற்றவை கைமாறிக் கைமாறி, நியூயோர்க் இடைத்தரகர் ஒருவர் ஊடாக அங்கே வந்திருந்தன.

ஒமேகா 2004 இல் வழக்குப் போட்டது. எதை வைத்து? மணிக்கூட்டின் பின்புறத்தில் அரைச் சென்ரிமீற்றர்கூட இல்லாத ஒரு சின்னப் பூகோளச் சித்திரம் பொறித்திருந்தார்கள். அதற்கு அமெரிக்காவில் பதிப்புரிமை எடுத்து, “எங்கள் அனுமதியில்லாமல் இந்தச் சித்திரத்தை இறக்குமதி செய்து விற்கிறார்கள்” என்று வாதாடினார்கள். கட்டுகிறவர் பார்க்கவே பார்க்காத ஒரு பக்கத்தில் இருந்த படம் அது!

2010 இல் உயர் நீதிமன்றம் 4–4 என்று சரிபாதியாகப் பிரிந்தது. ஒரு நீதியரசர் விலகியிருந்ததால் தெளிவான தீர்ப்பில்லை. முடிச்சை அவிழ்த்தது மணிக்கூடே சம்பந்தப்படாத இன்னொரு வழக்கு. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுபாப் கேர்ட்செங் என்ற மாணவர், ஊரில் மலிவாகக் கிடைத்த பாடப்புத்தகங்களைச் சொந்தக்காரர் மூலம் வரவழைத்து அங்கே விற்றார். பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 இல் நீதிமன்றம் 6–3 என்று மாணவர் பக்கம் நின்றது. உலகின் எந்த மூலையிலும் சட்டப்படி செய்து ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியை மறுபடி விற்பதைத் தடுக்கப் பதிப்புரிமையைப் பயன்படுத்த முடியாது. அந்தத் தீர்ப்பின் வழியில் 2015 இல் ஒமேகாவின் வழக்கும் தோற்றது.

எல்லா இடத்திலும் சட்டம் இப்படியில்லை. ஒஸ்ரியாவின் சில்லூவெற் என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனம், பழைய மோஸ்தர் சட்டங்கள் 21,000 ஐ பல்கேரியாவுக்கு விற்றது. அவை திரும்பி ஒஸ்ரியாவின் மலிவுக் கடையொன்றில் வந்து நின்றன. அப்போது பல்கேரியா ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே இருந்தது. வலயத்துக்கு வெளியே முதலில் விற்கப்பட்ட பொருளை உள்ளே விற்பதைத் தடுக்க வர்த்தகக்குறிச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு என்று 1998 இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஒரே மாதிரியான செயலுக்கு அத்திலாந்திக்கின் ஒரு கரையில் ஒரு பதில், மறுகரையில் வேறு பதில். ஆகவே இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசுவதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. இது வியாபார எல்லைகளைப் பற்றிய சண்டை.

வேலி யாருக்கு?

“அங்கீகாரம்” என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வாங்குகிறவரைப் பாதுகாப்பது. மற்றது, கம்பனியின் விலையைப் பாதுகாப்பது. இரண்டாவது வேலையை எவ்வளவு தூரம் கொண்டுபோவார்கள் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். கார்ட்டியே, பியாஜே போன்ற பெயர்களைச் சொந்தமாக வைத்திருக்கும் ரிஷ்மோன் குழுமம், விற்காமல் தேங்கிய மணிக்கூடுகளைக் கடைகளிடமிருந்து திருப்பி வாங்கியது. இரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 480 மில்லியன் யூரோ பெறுமதி. அவற்றில் பல கழற்றி அழிக்கப்பட்டன. இந்தச் செய்தி 2018 இல் பரவலாக வந்தது. கழிவு விலைக்காரர் கையில் போவதைவிட ஓடுகிற மணிக்கூட்டை உடைப்பதே மேல் என்பது அவர்களுடைய கணக்கு.

றோலெக்ஸில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. டேற்றோனா போன்ற உருக்கு மொடல்களுக்கு ஷோரூமில் காத்திருப்புப் பட்டியல். அதே மணிக்கூடு சாம்பல் சந்தையில் உடனே கிடைக்கும், ஆனால் பட்டியல் விலையைவிடக் கூடுதலாக. 2022 இன் தொடக்கத்தில் அந்த விலைகள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கின. ஆகவே சாம்பல் சந்தை என்றால் மலிவுச் சந்தை என்று நினைக்கக் கூடாது. உண்மையில் ஒரு மணிக்கூட்டுக்கு எவ்வளவு கேள்வி இருக்கிறது என்பதைப் பச்சையாகச் சொல்கிற சந்தை அது. ஷோரூம் விலைச்சிட்டை அதைச் சொல்லாது.

அப்ப ஷோரூம்காரர் சும்மாவா?

இல்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கையில் கட்டிப் பார்க்க விடுவது, பட்டியை அளவுக்கு வெட்டித் தருவது, பழுதானால் பொறுப்பெடுப்பது, பயிற்றப்பட்ட ஆட்களை வைத்திருப்பது எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அங்கே போய் அரை மணித்தியாலம் கட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து போனில் மலிவு விலைக்கு ஓடர் போடுகிறவர் அந்தச் செலவில் ஓசியில் சவாரி செய்கிறார். அதை மறைத்துக்கொண்டு நாங்கள் நியாயம் பேச முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் உத்தரவாதம். றோலெக்ஸும் ஒமேகாவும் இன்று ஐந்து வருட சர்வதேச உத்தரவாதம் கொடுக்கின்றன. ஆனால் அங்கீகாரம் பெற்ற கடை திகதியிட்டுக் கொடுத்த அட்டை இருக்கவேண்டும். சாம்பல் சந்தையில் வாங்கினால் அந்த அட்டை இல்லாமல் போகலாம். அல்லது எப்போதோ திகதி போட்ட அட்டை வரும், ஐந்து வருடத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே ஓடியிருக்கும். சில வேளை எந்தக் கடையிலிருந்து கசிந்தது என்று தெரியாமலிருக்கத் தொடரிலக்கத்தையே சுரண்டியிருப்பார்கள். அப்படியான மணிக்கூட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அமெரிக்காவின் ஜோமாஷொப் போன்ற பெரிய இணையக் கடைகள் தங்களுடைய சொந்த உத்தரவாதத்தைத் தருகின்றன. எங்கட பாஷையில் சொன்னால் கடை வொரண்டி. அந்த நாட்டில் இருப்பவருக்கு அது உண்மையிலேயே பெறுமதியானது. பெட்டியில் போட்டு அனுப்பினால் திருத்தி வரும்.

இங்க இருந்து பார்த்தால்

எங்கட கணக்கு வேறுபடுவது இந்த இடத்தில்தான். நியூயோர்க் கடையின் வொரண்டி யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ இருக்கிற ஆளுக்கு எவ்வளவு பெறும்? திருப்பி அனுப்பும் செலவு, காப்புறுதி, திரும்பி வரும்போது சுங்கம், இடையில் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி. சின்னப் பழுதென்றால் ஒருவரும் அனுப்பமாட்டார்கள். ஆகவே காகிதத்தில் மூன்று வருடமோ ஐந்து வருடமோ இருந்தாலும், எங்களுக்கு அது கிட்டத்தட்டப் பூச்சியம்.

சரி, ஊரில் மணிக்கூடு திருத்துகிற ஐயாவிடம் கொடுக்கலாமே? அவருக்குக் கைத்திறமை இருக்கும், உதிரிப்பாகம் இருக்காது. ஒமேகா, லொஞ்ஜின், ரிசோ எல்லாவற்றையும் வைத்திருக்கும் சுவொட்ச் குழுமம், 2015 முடிவோடு மொத்த வியாபாரிகளுக்கு உதிரிப்பாகம் கொடுப்பதை நிறுத்தியது. சுயாதீனமாகத் திருத்துகிறவர்கள் பாகம் வாங்கும் வழி அதோடு ஒடுங்கிப்போனது. விற்கும்போது போட்ட வேலி விற்ற பிறகும் தொடர்கிறது. எங்களுக்கு உண்மையில் கோபம் வருவது இதில்தான். காசு கொடுத்து வாங்கின பொருளை யார் திருத்தலாம் என்பதையும் விற்றவரே தீர்மானிக்கிறார்.

ஆகவே நாங்கள் சொல்வது இதுதான். விலை வித்தியாசத்தை “லாபம்” என்று எண்ணாதேங்கோ. அது நீங்கள் கைவிடுகிற உத்தரவாதத்தின் விலை. ஷோரூமில் 1,000 டொலர், இணையத்தில் 700 என்று வைத்துக்கொள்ளுங்கோ. அந்த 300 டொலரை ஒதுக்கி வைத்தால் நாளைக்கு ஒரு முழுச் சேர்விஸுக்குக் கிட்டத்தட்டக் காணுமா? சாதாரண மூன்று முள்ளுத் தானியங்கி மணிக்கூட்டின் சேர்விஸ் சில நூறு டொலர் போகும், 5 முதல் 10 வருடத்துக்கொருமுறை தேவைப்படும். பற்றரியில் ஓடும் குவாட்ஸ் மணிக்கூடென்றால் ஆபத்து இன்னும் குறைவு. அப்படியானவற்றுக்கு நம்பிக்கையான கடையாகப் பார்த்துக் கழிவு விலையில் வாங்குவது புத்திசாலித்தனம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாறாக, குரோனோகிராஃப் போன்ற சிக்கலான இயந்திரம், கழிவும் 10 வீதம்தான் என்றால், ஷோரூமுக்கே போகலாம்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருவதென்றால், “எவ்வளவு மலிவு?” என்று கேட்பதற்கு முன் “அட்டையில திகதி போட்டுத் தந்தவையா?” என்று கேளுங்கோ. சர்வதேச உத்தரவாதம் அந்த அட்டையோடுதான் கடல் கடக்கும். பில்லையும் சேர்த்து வாங்கி வையுங்கோ.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒருவர் கையில் கட்டியிருப்பதைப் பார்த்து “இது எங்க வாங்கினது, ஒரிஜினலோ?” என்று சபையில் கேட்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் தேவையில்லாமல் முழு விலை கொடுக்கிறார்கள், அல்லது கடன்படுகிறார்கள். கம்பனி தன் விலையைக் காப்பாற்றப் போட்ட வேலிக்கு நாங்கள் சம்பளமில்லாத காவல்காரராக நிற்கவேண்டிய அவசியமில்லை. பாதுகாப்புக்குக் காசு கொடுப்போம், அது எங்கட ஊர்வரைக்கும் வருமென்றால். வராத பாதுகாப்புக்கு ஏன் கொடுக்கவேண்டும்?