முயற்சிக்கும் துணை வேண்டும்



‘முயன்றால் முன்னேறலாம்’ என்னும் அறிவுரையைக் கேளாத செவி இன்று இல்லை. நூல்கள் அதைச் சொல்கின்றன, மேடைகள் முழங்குகின்றன, கைப்பேசியைத் திறந்தாலும் அதுவே ஒலிக்கின்றது. அவ்வறிவுரை பொய்யன்று. ஆயினும் அது பாதி உண்மையே என்பது நமது கருத்து. மறுபாதியை நாம் கற்றுக்கொண்டது ஒரு மாணவனிடத்தில்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாள்களில் வாழ்க்கை முன்னேற்ற நூல்களை விரும்பிப் படித்தோம். படித்தவற்றை நெஞ்சில் சுமந்துகொண்டு ஒரு தோட்டப்பள்ளியில் பணியேற்றோம். அங்கு ஐந்தாம் ஆண்டில் பயின்ற மாணவன் ஒருவன் நாள்தோறும் நேரங்கழித்து வருவான், வீட்டுப்பாடம் செய்திருக்கமாட்டான், பாடவேளையில் கண் அயர்வான். ஒருநாள் அவனை வகுப்பின் முன் நிறுத்தி, சோம்பலின் தீமையைப் பற்றி நீண்டதோர் உரை ஆற்றினோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் விடியுமுன் அவன் குடியிருந்த லயத்திற்குச் சென்றோம். தாயும் தந்தையும் பெரட்டுக்குப் போய்விட்டிருந்தனர். அவன் அடுப்பருகே அமர்ந்து, கைக்குழந்தையாகிய தங்கைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தான். பின்னர் அவளுக்கு உடை மாற்றி, இடுப்பில் சுமந்து சென்று, ஆயாக் கொட்டகையில் விட்டுவந்தான். அதன் பிறகே அவன் முகம் கழுவினான். நாம் யாரைச் சோம்பேறி என்று தூற்றினோமோ அவன், நாம் கண்விழிக்குமுன் எழுந்து, ஒரு தாயின் கடமையைச் செய்து முடிக்கின்றான்! அன்று நமக்கு ஏற்பட்ட வெட்கம் இன்றளவும் தணியவில்லை.

மாலையில் அவன் தந்தையைக் கண்டோம். “பையன்மேல் குற்றமில்லை ஐயா, எங்கள் வேலை நேரம் அப்படி,” என்றார் அவர். மூவரும் கூடிப் பேசினோம். அடுத்த வீட்டுப் பாட்டி காலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இசைந்தார். பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் வகுப்பறையிலேயே அமர்ந்து அவன் வீட்டுப்பாடம் எழுத, நாம் உடனிருந்தோம். அவன் வகுப்பில் முதல்வனாகிவிடவில்லை. ஆனால் நேரத்தோடு வந்தான். ஆண்டிறுதிக்குள் வீட்டுப்பாடம் விடுபடுவது அறவே நின்றது. அவனிடம் முயற்சி முன்பே இருந்தது. இல்லாதிருந்தது துணையே.

அதன்பின் பழைய நூல்களை மீண்டும் எடுத்துப் படித்தோம். முன்பு நம் கண்ணில் படாதவை இப்பொழுது பட்டன.

சாமுவேல் சுமைல்சு என்னும் ஸ்காட்லாந்து எழுத்தாளர் 1859ஆம் ஆண்டில் ‘தன்னுதவி’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். உலகில் பின்னர்த் தோன்றிய முன்னேற்ற நூல்கள் பலவற்றிற்கு அது முன்னோடி. அந்நூல் பிறந்த வரலாற்றைப் பாருங்கள். லீட்சு நகரத்து ஏழை இளைஞர் சிலர் குளிர்கால மாலைப் பொழுதுகளில் ஒன்றுகூடினர். ஒருவர் அறிந்ததை மற்றவர்க்குக் கற்பித்தனர். அவர்கள் வேண்டுகோளுக்கிணங்க ஆற்றிய உரைகளே பின்னர் நூலாக வளர்ந்தன. தன்னுதவி நூலுக்கே தாயாக நின்றது பிறர்க்குதவும் கூட்டம்!

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் மெழுகுவத்தி செய்பவரின் மகன். அவருடைய பள்ளிப்படிப்பு பத்து வயதோடு நின்றது. பின்னாளில் அவர் 13 நற்பண்புகளைக் குறித்துக்கொண்டு, கிழமைக்கு ஒன்றாகப் பயின்றார். தவறிய நாளில் சிறு ஏட்டில் ஒரு கரும்புள்ளி இட்டார். இதனைப் பலரும் அறிவர். ஆனால் நண்பர்களைக் கூட்டி வாரந்தோறும் கலந்துரையாடியதும், நூல் வாங்க வசதியற்றோர் பலர் சேர்ந்து பணமளித்து 1731ஆம் ஆண்டில் ஒரு நூலகம் அமைக்க வழிசெய்ததும் அவரே. ஏடு தனியாள் முயற்சி. நூலகம் கூட்டு முயற்சி. இரண்டும் சேர்ந்தே அவரை உயர்த்தின.

அயல்நாடு வரை செல்வானேன்? நம் நாட்டில் 1950களின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அப்பொழுது துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முன்னின்று 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்கு சேர்த்தனர். சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. பால்வெட்டியவனின் பத்து வெள்ளி தனித்து நின்றால் ஒரு மரத்தைக்கூட வாங்கியிராது. சிறுதுளி பெருவெள்ளமானது துளிகள் ஒன்றுகூடியதால் அன்றோ?

திருவள்ளுவப் பெருந்தகையும் இதனை உணர்ந்தே நூல் செய்தார். 62ஆம் அதிகாரத்தில் ‘ஆள்வினையுடைமை’ என்று முயற்சியைப் போற்றிய அவர், அதற்கு முன்னரே 45ஆம் அதிகாரத்தில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று துணையின் தேவையையும் உரைத்துள்ளார்.

ஆகவே, ‘ஏழை ஏழையாக இருப்பது அவன் சோம்பலால்தான்’ என்று எந்த நூலேனும் கூறினால் அதனை நம்பாதீர்கள். அதே வேளையில், ‘நமக்குத் துணையில்லை, ஆகவே முயலவேண்டியதில்லை’ என்று சோர்ந்து இருந்துவிடவும் வேண்டா. துணை கிடைத்தபின் அந்த மாணவனுக்காக வேறொருவர் வீட்டுப்பாடம் எழுதவில்லை. எழுதிய கை அவனுடையதே.

மாணவச் செல்வங்களே! ஒரு சிறு ஏடு வாங்குங்கள். ஒரு கிழமைக்கு ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவே புத்தகப் பையை அடுக்கி வைத்தல், நாளும் இரண்டு பக்கம் வாசித்தல் போன்ற எளிய பழக்கமே போதும். தவறிய நாளில் புள்ளி இடுங்கள். புள்ளியைக் கண்டு அஞ்சவேண்டா. ஒழுங்கு என்னும் பண்பு தமக்குக் கடைசிவரை கைவரவில்லை என்று பிராங்கிளினே ஒப்புக்கொண்டிருக்கின்றார்.

பெற்றோர்களே! நாள் முழுதும் உழைத்துக் களைத்து வருகின்றீர்கள் என்பதை அறிவோம். பாடம் சொல்லித்தர இயலவில்லையே என்று வருந்தவேண்டா. மாலையில் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்துங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள், பிள்ளையின் அருகில் அமர்ந்து, “இன்று என்ன படித்தாய்?” என்று கேளுங்கள். எழுத்தறியாத தாயும் இதனைச் செய்யலாம். அண்டை வீட்டார் பணிக்குச் சென்றிருக்கும்போது அவர்கள் பிள்ளையையும் சேர்த்து அமரவைத்தால், உங்கள் வீடே ஒரு சிறு பள்ளியாகும்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு விதி உண்டு. ‘முயற்சி செய்’ என்று சொல்லுமுன், ‘உனக்கு என்ன தடை?’ என்று கேட்டல் வேண்டும். அன்று அவ்வொரு கேள்வியைக் கேட்டிருந்தால், ஒரு பிள்ளையை வகுப்பின் முன் தலைகுனிய வைத்திருக்கமாட்டோம்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்கவேண்டும். ஆயினும் ஒவ்வொருவர் கையும் வடத்தைப் பற்றினால்தான் தேர் நகரும். நம் பிள்ளைகளின் கல்வித்தேர் நிலைசேர, வீடும் பள்ளியும் தோட்டமும் ஒன்றாகக் கைகொடுப்போமாக!