பழைய மகிழுந்தும் ஓடிய தொலைவும்

மத்திய அரசுப் பணியில் இருப்போரின் குடும்பங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகின்றன. தில்லி, போபால், கௌகாத்தி என்று நகரும் அக்குடும்பங்களுள் பல, புதிய மகிழுந்து வாங்கும் செலவுக்கு அஞ்சிப் பழைய மகிழுந்தை நாடுகின்றன. விற்பவரிடம் அவை கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதே. விடை ஓர் இலட்சத்தைத் தாண்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. இம்முடிவு எப்போதும் சரியானதன்று. ஓடிய தொலைவைக் காட்டிலும், ஓடிய விதமும் பராமரித்த முறையும் ஆவணங்களின் நேர்மையுமே ஒரு மகிழுந்தின் தகுதியைத் தீர்மானிக்கின்றன.

தில்லியில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தாய், தந்தை, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், முழங்கால் வலியால் படியேற இயலாத பாட்டி ஆகியோர் அதில் உள்ளனர். பாட்டியை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சேமிப்பு மூன்று இலட்சம் ரூபாய். அவர்கள்முன் இரண்டு பெட்ரோல் மகிழுந்துகள் நிற்கின்றன. இரண்டின் விலையும் இரண்டரை இலட்சம் ரூபாய்தான். முதலாவது எட்டு ஆண்டுப் பழையது. 1,20,000 கிலோமீட்டர் ஓடியது. பெரும்பாலும் தில்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் இடையே நெடுஞ்சாலையில் சென்று வந்தது. ஒவ்வொரு பராமரிப்புக்கும் ரசீது உண்டு. இரண்டாவது பன்னிரண்டு ஆண்டுப் பழையது. 45,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது. நகர நெரிசலில் பயன்பட்டது. ரசீது எதுவும் இல்லை.

எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பார். சிறிய கணக்கு ஒன்று அவரைத் தயங்க வைக்கும். நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், 1,20,000 கிலோமீட்டரைக் கடக்க இயந்திரம் 2,000 மணி நேரம் இயங்கியிருக்கும். நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், 45,000 கிலோமீட்டருக்கே அது 2,250 மணி நேரம் இயங்கியிருக்கும். குறைவாக ஓடிய வண்டியின் இயந்திரமே அதிகமாக உழைத்திருக்கிறது! நெரிசலில் கிளட்சும் பிரேக்கும் அடிக்கடி மிதிபடுவதால் அவையும் விரைவில் தேய்கின்றன. மேலும், நின்றுகொண்டே இருக்கும் வண்டியும் மூப்படைகிறது. மின்கலம் வலுவிழக்கிறது, ரப்பர்க் குழாய்கள் வெடிக்கின்றன, டயர்கள் தேயாமலே இறுகிப்போகின்றன. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள்.

மீட்டர் காட்டும் எண்ணை முழுமையாக நம்பவும் இயலாது. அதைக் குறைத்துக் காட்டி ஏமாற்றுவோர் உள்ளனர். 45,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் மிதிகளின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், ஓட்டுநர் இருக்கை குழிந்திருந்தால், ஐயம் கொள்வதே அறிவுடைமை. தேதி வரிசையில் அமைந்த பராமரிப்பு ரசீதுகளோ, ஒவ்வொரு முறையும் ஓடிய தொலைவைப் பதிவு செய்திருக்கும். அந்த வரிசையைப் பொய்யாக்குவது எளிதன்று.

இதனால், அதிகம் ஓடிய வண்டியில் குறையே இராது என்று கூறுவதும் தவறு. கிளட்ச், ஷாக் அப்சார்பர், தாங்கிகள் முதலியன தொலைவுக்கேற்பத் தேய்வது இயல்பு. டைமிங் பெல்ட் கொண்ட இயந்திரத்தில், உற்பத்தியாளர் குறித்த காலத்தில் அது மாற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். அது அறுந்தால் பல இயந்திரங்களில் உள்ளுறுப்புகளே சிதையும். காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது அதை இயக்கிப் பார்ப்பது நல்லது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது என்பது பொருள். விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு ஆகும் செலவு சிறிது. அது தவிர்க்கும் இழப்பு பெரிது.

தொலைவைப் போலவே வயதும் கருதத்தக்கது. தனியார் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வு செய்தே புதுப்பிக்க வேண்டும். தில்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டிலும் தடை விதித்தன. பின்னர் நடைமுறை மாறிவந்துள்ளதால், வாங்கும் நாளில் உள்ள விதியை அறிந்துகொள்வது கடமை. முதல் வண்டிக்குப் பதிவுக்காலம் ஏழு ஆண்டு மீதியுள்ளது. இரண்டாவதற்கு மூன்றே ஆண்டு. பாதுகாப்பும் வயதோடு தொடர்புடையது. புதிய மகிழுந்துகளில் ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் அது இல்லை. இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

ஆவணங்களில் காட்டும் அலட்சியம் வண்டிப் பழுதைவிடக் கொடியது. பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்று வேண்டும். நிலுவையில் உள்ள அபராதங்களை அரசின் பரிவாகன் இணையதளத்தில் காணலாம். வாங்கியவர் 30 நாள்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதனை ஒத்திப்போட்டால், விபத்து நேரும்போது பழைய உரிமையாளரே பொறுப்பாளியாக நிற்க நேரிடும். பிற மாநிலத்திற்குச் சென்று 12 மாதங்களுக்கு மேல் தங்கும் குடும்பம் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவே. மாதத்தில் ஓரிரு நாள் மட்டுமே வண்டி தேவைப்படும் குடும்பத்திற்கு வாடகை மகிழுந்தே சிக்கனம். வாரந்தோறும் மருத்துவமனை செல்லும் பாட்டி உள்ள வீட்டிற்குச் சொந்த வண்டி தேவை. ஆனால் பாதிவழியில் நின்றுவிடாத வண்டி தேவை. ஆகவே அக்குடும்பம், மெக்கானிக்கின் ஆய்வில் பெருங்குறை காணப்படாவிடில், 1,20,000 கிலோமீட்டர் ஓடிய முதல் வண்டியை வாங்குவதே தக்கது. சேமிப்பில் எஞ்சும் 50,000 ரூபாயை உரிமை மாற்றம், காப்பீடு, டயர், முதல் பழுது ஆகியவற்றுக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்தவர், முதல் பழுதிலேயே கடனாளி ஆவார்.

எண் பெரிதாக இருப்பதால் ஒரு வண்டியை ஒதுக்குவதும், சிறிதாக இருப்பதால் மற்றொன்றை நம்புவதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள். அதிகம் ஓடியும் நன்கு பேணப்பட்ட வண்டி, குறைவாக ஓடிப் பேணப்படாத வண்டியைவிட மேலானது.

பயிற்சி

1. குறைவாக ஓடிய மகிழுந்தின் இயந்திரம் அதிக நேரம் இயங்கியிருக்கக் கூடும் என்பதைக் கணக்கிட்டு விளக்குக.
2. மீட்டர் காட்டும் எண்ணை ஐயுற வைக்கும் அடையாளங்கள் யாவை?
3. "வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவே" என்னும் கருத்தை நீவிர் ஏற்கின்றீரா? காரணங்களுடன் எழுதுக.