சம்பளமில்லா லீவுக்கு நோய் எதுக்கு?

1/ "டாக்டர், ஒரு மாசம் ரெஸ்ட் தேவைனு எழுதிக் குடுங்க. அப்பதான் ஆபீஸ்ல விடுவாங்க."

மகப்பேறு விடுப்பு முடிய நாலஞ்சு நாள் இருக்கும்போது இப்படிக் கேட்டு வர்ற அம்மாக்கள் நிறைய. அம்மா நல்லா இருக்காங்க, குழந்தையும் நல்லா இருக்கு. தேவை இன்னும் கொஞ்ச நாள். சம்பளம் இல்லாட்டியும் பரவாயில்லை. ஆனா அதை நேரா கேட்கப் பயம்.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். குழந்தையோட இருக்கணும்ங்கிறதே போதுமான காரணம். அதுக்கு நோய் வேஷம் போட வேண்டியதில்லை. சீக்கிரமா, எழுத்துல, உண்மையைச் சொல்லிக் கேளுங்க.

3/ முதல்ல கணக்கு. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதேதான். 26 வாரம்னா 182 நாள், அதாவது ஆறு மாதம். குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கன்னு நாங்க சொல்றோம். ரெண்டும் சரியாப் பொருந்துற மாதிரி தெரியும்.

4/ பொருந்தணும்னா பிரசவத்துக்கு முதல் நாள் வரை வேலைக்குப் போயிருக்கணும்! பிரசவத்துக்கு முன்னாடியே 8 வாரம் வரை எடுக்கலாம்னு அதே சட்டம்தான் சொல்லுது. அப்படி எடுத்தா பிறகு மிச்சம் 18 வாரம்தான். குழந்தைக்கு நாலு மாசம் முடிஞ்ச கையோட அம்மா வேலைக்குக் கிளம்பணும்.

5/ யார் முன்கூட்டியே விடுப்பு எடுக்கிறாங்க? பிரஷர் ஏறினவங்க, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறவங்க, ரத்தப்போக்கு இருந்தவங்க. குறைமாதத்துல பிரசவம் ஆக வாய்ப்பு அதிகம் உள்ளவங்களும் இவங்கதான். 32 வாரத்துல பிறந்த குழந்தைக்கு ஆறு மாசம் ஆகும்போது, வளர்ச்சியில நாலு மாசக் குழந்தை மாதிரிதான் இருக்கும். அதிக நாள் தேவைப்படுறவங்க கையிலதான் குறைவான நாள் மிஞ்சுது.

6/ மூணாவது குழந்தைன்னா மொத்தமே 12 வாரம். அந்தக் குழந்தைக்கு மட்டும் பால் சீக்கிரம் போதும்னு எந்த மருத்துவப் புத்தகத்துலயும் இல்லை.

7/ இப்ப முக்கியமான விஷயம். உங்களுக்கு நிஜமாவே உடம்பு சரியில்லைன்னா சம்பளமில்லா லீவு கேட்காதீங்க. கர்ப்பம், பிரசவம், குறைமாதப் பிரசவம், கருச்சிதைவு காரணமா அம்மாவுக்கு நோய் வந்தா, சான்று காட்டி இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம். சட்டம் தர்ற உரிமை இது. இ.எஸ்.ஐ.-லயும் மருத்துவர் பரிந்துரைச்சா இந்த ஒரு மாத நீட்டிப்பு உண்டு.

8/ சிசேரியன் தையல்ல சீழ் வச்சது, பிரசவத்துக்குப் பிறகும் இறங்காத பிரஷர், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு எல்லாம் நோய்தான். "மனசு சரியில்லைனு எழுதினா என்ன நினைப்பாங்க"ன்னு தயங்கி, வர வேண்டிய சம்பளத்தை விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க, பதிவாகட்டும்.

9/ நோய் இல்லைன்னா சான்றிதழும் இல்லை. பொய்ச் சான்றிதழ் கொடுத்தா எங்க பதிவே ரத்தாகலாம். அதைவிடப் பெரிய கெடுதல் வேற. பொய்ச் சீட்டு பெருகப் பெருக, நிஜ நோயோட வர்ற அடுத்த பெண்ணோட சீட்டையும் ஹெச்.ஆர். சந்தேகமாப் பார்ப்பார்.

10/ சரி, நோய் இல்லை, நாள் மட்டும் வேணும். தனியார் வேலையில இதுக்குச் சட்ட உரிமை இல்லை. கம்பெனி விதியும் நிர்வாகத்தோட சம்மதமும்தான். அதனாலதான் எப்படிக் கேட்கிறோம்ங்கிறது முக்கியம். சட்டப்படியான மகப்பேறு விடுப்புல இருக்கும்போது வேலையை விட்டு நீக்குறது சட்டவிரோதம். அந்த விடுப்பு முடிஞ்ச மறுநாளிலிருந்து, அனுமதி இல்லாத ஒவ்வொரு நாளும் வெறும் ஆப்சென்ட். கடைசி நாள் ராத்திரி மேனேஜருக்குப் போடுற வாட்ஸ்அப் மெசேஜ் உங்களைக் காப்பாத்தாது.

11/ விடுப்பு முடிய ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போதே மெயில் அனுப்புங்க. நாலு வரி போதும்:

"என் மகப்பேறு விடுப்பு இந்தத் தேதியில் முடிகிறது. குழந்தையைப் பராமரிக்க இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சம்பளமில்லா விடுப்பு வேண்டுகிறேன். இந்தத் தேதியில் பணிக்குத் திரும்புவேன். தங்கள் ஒப்புதலை எழுத்தில் தர வேண்டுகிறேன்."

திரும்பி வர்ற தேதி கட்டாயம் இருக்கணும். அவங்க ஆள் ஏற்பாடு பண்ண அதுதான் வேணும்.

12/ கூடவே மூணு கேள்வி கேளுங்க. அந்த மாதங்கள்ல குழு மருத்துவக் காப்பீடு தொடருமா? பி.எஃப். என்னாகும்? பணிக்காலத்துல இடைவெளியா பதிவாகுமா? குழந்தை ஆஸ்பத்திரியில இருக்கும்போது காப்பீடு நின்னுபோச்சுன்னு தெரிய வரக்கூடாது.

13/ மறுத்துட்டாங்களா? வேற வழிகளும் சட்டத்துல இருக்கு. வேலையின் தன்மை ஒத்து வந்தா, இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் பாலூட்ட இரண்டு இடைவேளை. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல குழந்தைகள் காப்பகம். இதையெல்லாம் கேட்டதும் எழுத்துல இருக்கட்டும்.

14/ முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் 52 வாரம் விடுப்பு. சட்டப்படியான ஊதியம் அதிகபட்சம் 39 வாரம், கடைசி 13 வாரம் சம்பளம் இல்லாதது. ஆனா அதுவும் உரிமைதான். 52 வாரமும் எடுப்பாங்கன்னுதான் நிறுவனம் கணக்குல வச்சுக்கணும். முன்னாடியே திரும்பணும்னா அம்மா 8 வாரம் முன்னால சொன்னா போதும். அங்கே அம்மா எதுவும் சொல்லலைன்னா விடுப்பு தொடருது, இங்கே வேலை போகுது.

15/ தமிழ்நாடு அரசுப் பணியில இருக்கிறவங்களுக்கு 2021 ஜூலை முதல் சம்பளத்தோடயே 12 மாதம். அதே தெருவில் தனியார் பள்ளி டீச்சருக்கு 26 வாரம். ரெண்டு குழந்தைக்கும் பசி ஒண்ணுதான். சம்பளம் தர முடியலைன்னாலும், "மூணு மாசம் வரை சம்பளமில்லா விடுப்பு, இத்தனை வாரம் முன்னால சொல்லணும், வேலை காத்திருக்கும்"னு ஒரு வரி விதியாவது எழுதி வைங்க. பழகின ஆளை இழந்துட்டு புது ஆளைத் தேடிப் பழக்குறதைவிட அது லாபம்.

16/ வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு. சம்பளமில்லா மாதங்களோட செலவை அவங்க ஒருத்தர் கணக்குல மட்டும் எழுதாதீங்க. அஞ்சாவது மாசத்துலயே ரெண்டு பேரும் உட்கார்ந்து பட்ஜெட் போடுங்க. பால் கொடுக்கத்தான் அம்மா வேணும், மெயில் டைப் பண்ண அப்பாவும் போதும்.

கர்ப்பமா இருக்கிற யாராவது தெரிஞ்சா இதை அனுப்புங்க. கேட்க வேண்டிய நேரத்துல கையில இருக்கட்டும்.