12 நாளில் 5.4 செ.மீ. இறங்கிய ஜோஷிமத்: நிசார் செயற்கைக்கோளால் இனி என்ன மாறும்?

2023 ஜனவரி. உத்தராகண்டின் ஜோஷிமத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல். கடுங்குளிரில் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் ஒரு முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரை 7 மாதங்களில் அதிகபட்சம் 8.9 செ.மீ. தாழ்ந்த நிலம், டிசம்பர் 27-க்கும் ஜனவரி 8-க்கும் இடையே வெறும் 12 நாளில் 5.4 செ.மீ. இறங்கிவிட்டது என்றது அந்த அறிக்கை.

செய்தி தீயாகப் பரவியது. அடுத்த சில நாட்களில் அறிக்கை இணையதளத்தில் இருந்து நீக்கப்பட்டது. ஊடகங்களிடம் பேச வேண்டாம், சமூக வலைதளங்களில் தரவுகளைப் பகிர வேண்டாம் என்று அரசு நிறுவனங்களுக்கு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தியது. மக்களிடம் குழப்பம் ஏற்படுகிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

வானத்தில் இருந்து செ.மீ. கணக்கு எப்படி?

சாதாரண செயற்கைக்கோள் கேமராவுக்கு வெயில் வேண்டும். மேகம் மூடினால் அவ்வளவுதான். ரேடார் அப்படியில்லை. தானே மைக்ரோவேவ் அலைகளை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். இரவோ மேகமோ அதற்குத் தடை இல்லை.

ஒரே இடத்தை, ஏறக்குறைய அதே பாதையில் இருந்து, சில நாள் கழித்து மறுபடி பார்க்கும். இடையில் நிலம் இறங்கியிருந்தால், அலை கொஞ்சம் கூடுதல் தூரம் போய்வர வேண்டும். உதாரணமாக, 24 செ.மீ. நீள அலை என்று வைத்துக்கொள்வோம். நிலம் செயற்கைக்கோளிடம் இருந்து 12 செ.மீ. விலகினால், போக 12, வர 12 என அலை முழுதாக ஒரு சுற்று பின்தங்கும். அந்தச் சுற்றில் சின்னப் பங்கு மாறினாலே கண்டுபிடித்துவிடலாம்.

நிசார் புதிதாக என்ன தருகிறது?

நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்டது. எடை 2,392 கிலோ. 747 கி.மீ. உயரத்தில் சுற்றும் இதன் ஆன்டெனா 12 மீட்டர் அகலம். 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். நாசாவின் எல்-பேண்ட், இஸ்ரோவின் எஸ்-பேண்ட் என இரண்டு ரேடார்கள் இதில் உள்ளன.

இலவச ரேடார் தரவு புதுசு இல்லை. 2014-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-1 ஏற்கெனவே தருகிறது. ஆனால், அதன் அலை சுமார் 5.6 செ.மீ. மட்டுமே. மரம் அடர்ந்த மலைச்சரிவில் அது இலைகளிலேயே பட்டுச் சிதறிவிடும், கணக்கு குழம்பும். நிசாரின் 24 செ.மீ. எல்-பேண்ட் அலை இலைகளைத் தாண்டி உள்ளே போகும். இமயமலை மாதிரி இடங்களுக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

அப்போ, இனி எதையும் மறைக்க முடியாதா?

ஒரு வகையில் ஆமாம். நிசார் தரவை இலவசமாகப் பொதுவில் வைப்பதுதான் திட்டத்தின் கொள்கை. ஓர் அறிக்கையை நீக்கினாலும், பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க முடியும்.

ஆனால், நிலம் எவ்வளவு நகர்ந்தது என்றுதான் ரேடார் சொல்லும், ஏன் என்று சொல்லாது. நீர்க்கசிவா, கட்டுமானமா, சுரங்கப் பணியா என்பதைத் தரையில் இறங்கித்தான் ஆராய வேண்டும். செங்குத்தான சரிவுகளில் ரேடார் கண்ணுக்குப் படாத பகுதிகளும் உண்டு.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஜோஷிமத் பழைய நிலச்சரிவில் குவிந்த மண் மீது நிற்கிறது, பெரிய கட்டுமானங்கள் வேண்டாம் என்று மிஸ்ரா குழு எச்சரித்தது 1976-ல். அன்று நிசார் இல்லை, எச்சரிக்கை இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இனி எண்கள் 12 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். மாவட்ட அளவில் அதை யார் பார்ப்பது, எத்தனை செ.மீ. இறங்கினால் மக்களை வெளியேற்றுவது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால், அடுத்த ஊரிலும் மக்களுக்கு முதல் தகவல் சுவரில் விழும் விரிசலாகத்தான் இருக்கும்.