இல்லமும் நலமும்: நாய்க்குட்டிக்கு முதலாண்டுக் கணக்கு

ஷோனெஃபெல்ட் என்றதும் முதல் தலைமுறையினருக்கு நினைவில் எழுவது விமான நிலையமே. 1980களின் முற்பகுதியில், கிழக்கு ஜேர்மனியின் அந்த நிலையத்தில் வந்திறங்கி, அங்கிருந்து மேற்குப் பேர்லினுக்குப் போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர் பலர். 1986 அக்டோபரில் அந்த வழி அடைபட்டது. 2020 அக்டோபரில் அதே ஊரில் பேர்லின் பிராண்டன்பூர்க் விமான நிலையம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் கடந்து போவதற்கு மட்டுமே பயன்பட்ட ஊர், இன்று குடியிருப்பதற்கு உகந்த ஊராக வளர்ந்துவிட்டது. வீடு என்று ஒன்று அமைந்ததும் வீட்டுக்கு வேண்டியவையும் ஒவ்வொன்றாய் வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒன்று, பிள்ளைகள் கேட்கும் நாய்க்குட்டி.

இப்பகுதியில் அப்படியொரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறவர்கள். பத்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று. உடன் இருப்பவர் அப்பப்பா. அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அப்பப்பா, என்ரை வகுப்பிலை எல்லாரும் நாய் வைச்சிருக்கினம். நாங்களும் ஒண்டு வாங்குவமே?”

“ஊரிலை நாயைக் காசு குடுத்து வாங்கினதெண்டு ஆர் கேள்விப்பட்டது, பிள்ளை? அது தானாய் வந்து படலையடியிலை படுக்கும். மிச்சச் சோறு போட்டாக் காணும்.”

அப்பப்பா சொல்வது பொய்யல்ல. ஊரில் அது அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்நாட்டில் நாய்க்கு வரி உண்டு, காப்புறுதி உண்டு, வைத்தியருக்குச் சட்டப்படி வகுத்த கட்டண அட்டவணையும் உண்டு. ஆகவே பேச்சை அங்கேயே விட்டுவிடாமல், தாளும் பேனையும் எடுத்து ஓராண்டுக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது.

முதலில் வீட்டு உரிமையாளர். வாடகை வீட்டில் நாயும் பூனையும் எவ்வகையிலும் கூடாது என்று ஒப்பந்தப் படிவத்தில் பொதுவாக எழுதிவைப்பது செல்லாது என 2013 மார்ச்சில் ஜேர்மன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் யாரும் கேளாமலே வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள் அல்ல. இரு தரப்பின் நியாயத்தையும் அயலவரின் வசதியையும் எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும். எனவே எழுத்தில் அனுமதி கேட்டுப் பெறுவதே புத்தி. இதற்குச் செலவு ஒரு தபால் முத்திரை மட்டுமே.

அடுத்தது குட்டியின் விலை. நாய்க் காப்பகத்தில், அதாவது டியர்ஹைமில், சில நூறு யூரோவுக்குள் முடியும். பேர்லினில் ஃபால்கென்பெர்க்கில் உள்ள காப்பகத்தை நடத்தும் சங்கம் 1841இல் தொடங்கப்பட்டது. ஐரோப்பாவின் மிகப் பெரிய காப்பகங்களுள் ஒன்று அது. நல்ல முறையில் வளர்ப்பவரிடம் இனநாய்க் குட்டி வாங்கினால் 1,500 முதல் 2,500 யூரோ வரை கேட்பார்கள்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. அதுதான் ஆபத்தானது. விளம்பரத்தில் பார்த்து, ஏதோ ஒரு வாகனத் தரிப்பிடத்தில், காரின் பின்பக்கத்திலிருந்து 400, 500 யூரோவுக்குக் கைமாறும் குட்டி. இதை அடையாளம் காண ஒரு சின்னக் கணக்குப் போதும். விசர்நாய்த் தடுப்பூசியைப் பன்னிரண்டு வாரத்துக்கு முன் போட முடியாது. போட்டபின் இருபத்தொரு நாள் கழிந்தே அது செல்லுபடியாகும். எனவே வேறொரு நாட்டிலிருந்து ஜேர்மனிக்கு முறைப்படி வரும் குட்டிக்குக் குறைந்தது பதினைந்து வாரம் ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு எட்டு வாரக் குட்டியை ஒருவர் நீட்டினால், ஒன்றில் வயது பொய், அல்லது பத்திரம் பொய். இத்தகைய குட்டிகளில் பலவற்றுக்குத் தடுப்பூசியே போட்டிருக்காது. பார்வோ வைரசு தாக்கினால் இரத்த வயிற்றோட்டம் கண்டு, சில நாட்களிலேயே குட்டி இறந்துபோகக்கூடும். மருத்துவ மனையில் வைத்துக் காப்பாற்ற முயன்றால் செலவு ஆயிரம் யூரோவையும் தாண்டிவிடும். மலிவாய் வாங்கிய குட்டியே மிக விலையுயர்ந்த குட்டியாய் முடிவது இப்படித்தான். அழுகிற பிள்ளையைத் தேற்றும் வேலை அதற்கு மேலதிகம்.

இனி, குட்டி வீட்டுக்கு வந்தபின் ஆகும் செலவு. கீழே தருவது நடுத்தர அளவுள்ள நாய்க்கான மாதிரிக் கணக்கு. குடும்பத்துக்கும் நாயின் இனத்துக்கும் ஏற்ப இது கூடலாம், குறையலாம்.

ஒருமுறை மட்டும் ஆகும் செலவு:
படுக்கை, பாத்திரம், மார்புப்பட்டி, கயிறு, காரில் கொண்டுபோகும் பெட்டி — 250 யூரோ.
வைத்தியரிடம் மூன்று முறை போய்ச் சோதனையும் தடுப்பூசியும் — 270 யூரோ.
சிப், கடவுச்சீட்டு — 80 யூரோ.
குட்டிகளுக்கான பயிற்சி வகுப்பு — 180 யூரோ.
ஆகக் கூடுதல் 780 யூரோ.

ஆண்டு முழுதும் ஆகும் செலவு:
உணவு, மாதம் 60 யூரோ வீதம் — 720 யூரோ.
குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் — 120 யூரோ.
நாய் வரி — 120 யூரோ.
பொறுப்புக் காப்புறுதி — 80 யூரோ.
அறுவைச் சிகிச்சைக் காப்புறுதி, மாதம் 20 யூரோ வீதம் — 240 யூரோ.
ஆகக் கூடுதல் 1,280 யூரோ.

இரண்டும் சேர்ந்து 2,060 யூரோ. இவற்றுள் சிலவற்றுக்கு விளக்கம் தேவை.

தடுப்பூசி எட்டு, பன்னிரண்டு, பதினாறு வாரங்களிலும், பின்னர் பதினைந்தாம் மாதத்திலும் போடப்படும். எட்டாம் வார ஊசியைப் பெரும்பாலும் கொடுப்பவரே போட்டிருப்பார். முக்கியமானவை டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு எதிரானவை. விசர்நாய்க்கடி என்றாலே நடுங்கும் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு நற்செய்தி: நரிகள் வழியாகப் பரவும் விசர்நோய் ஜேர்மனியில் 2008 முதல் ஒழிந்துவிட்டது. ஆயினும் எல்லை கடக்கும் நாய்க்கு அந்த ஊசி கட்டாயம். இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஒரு குட்டியைக் கொண்டுவர நினைப்பவர், ஊசி போட்டு முப்பது நாளுக்குப் பின் இரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நாய் வரி புதிய வழக்கமல்ல. பிரஷ்ய அரசு 1810இலேயே நாயை ஆடம்பரப் பொருளாகக் கருதி வரி விதித்தது. இன்று அந்த வரியை உள்ளூராட்சியே நிர்ணயிக்கிறது. பேர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. ஷோனெஃபெல்ட் பேர்லினை ஒட்டியிருந்தாலும் பிராண்டன்பூர்க் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆகவே ஷோனெஃபெல்ட் வாசிகள் தங்கள் உள்ளூராட்சி அலுவலகத்தில் கேட்டே அந்த இடத்தை நிரப்ப வேண்டும். மேலே காட்டியது பேர்லின் தொகை. நாய் வந்ததும் பதிவுசெய்யாமல் விட்டால் பின்னர் அபராதமும் சேரும்.

பொறுப்புக் காப்புறுதி பேர்லினில் சட்டப்படி கட்டாயம். கட்டாயமில்லாத இடத்திலும் அதை விடக்கூடாது. வீட்டு நாய் வீதிக்குப் பாய்ந்து, சைக்கிளில் வந்தவர் விழுந்து கால் முறிந்தால், அந்தச் செலவு முழுவதும் நாய்க்குரியவர் தலையில்தான். அவர் தவறு செய்தாரா என்பதைக்கூடச் சட்டம் கேட்காது. மாதம் ஆறேழு யூரோவுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது.

அடுத்தது, பலரும் எழுத மறக்கும் இரண்டு வரிகள்.

ஒன்று, அவசரச் சிகிச்சை. மிருக வைத்தியர் கட்டணம் 2022 நவம்பரில் புதுப்பிக்கப்பட்டது. நாய் ஒன்றைப் பொதுவாகச் சோதித்து ஆலோசனை சொல்ல அடிப்படைக் கட்டணம் 23 யூரோ 62 சதம். சாதாரண நாளில் இதன் மூன்று மடங்கு வரை கேட்கலாம். இரவிலும் ஞாயிறிலும் குறைந்தது இரு மடங்கு, அதோடு அவசரசேவைக் கட்டணம் 50 யூரோ. பெறுமதிசேர் வரி 19 வீதமும் சேர்த்தால், ஒரு ஊசிகூடப் போடுமுன் ஏறத்தாழ 116 யூரோ ஆகிவிடும். குட்டி என்பது கண்டதையும் வாயில் போடும் சாதி. காலுறையை விழுங்கும், வேலைக்கு மாட்டும் கையுறையையும் விழுங்கும். ஆகவே 600 யூரோவைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

மற்றது, ஊருக்குப் போகும் நாலு கிழமை. ஜேர்மானியக் குடும்பம் விடுமுறைக்கு நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகும். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் போகும் குடும்பம் அப்படிச் செய்ய முடியாது. நாய் விடுதியில் நாளொன்றுக்கு 30 யூரோ என்று வைத்தாலும் 28 நாளுக்கு 840 யூரோ. இது நாயின் ஓராண்டு உணவுச் செலவை விடவும் கூட. மற்றவர்கள் எழுதும் கணக்குகளில் இந்த வரி இராது. நம்மவர் கணக்கில் இருந்தே ஆக வேண்டும்.

இப்போது மொத்தம் 3,500 யூரோ. மாதத்துக்கு ஏறத்தாழ 292 யூரோ. குட்டியின் விலை இதற்குப் புறம்பு.

பணத்தால் மட்டும் முடியாத செலவும் உண்டு. நேரம். நாளுக்கு இரு தடவையாவது வெளியே கொண்டுபோக வேண்டும், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. நாய்க்கு வெளியே போதிய நடமாட்டம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தை மாதக் குளிரிலும் அதே சட்டந்தான். அப்பாவும் அம்மாவும் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கும் போனபின், குட்டியை எட்டு மணி நேரம் தனியே பூட்டி வைப்பது தகாது. அப்பப்பா வீட்டிலிருந்தால் நல்லது. ஆனால் அவரைக் கேளாமல் அவர் பெயரைக் கணக்கில் எழுதக்கூடாது.

சமையலறையிலும் கவனம் வேண்டும். மிச்சச் சோறு போட்டால் காணும் என்ற பழக்கம் இங்கே ஆபத்தாகலாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். குழம்பு கலந்த சோறு கொடுக்கக் கூடாது. கோயிலிலிருந்து கொண்டுவரும் சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்ந்த முந்திரிகை, நம்மவர் ‘பிளம்ஸ்’ என்பது, நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். சொக்கிளேற்றும் அப்படியே விலக்கு. மனிதருக்குரிய இபுப்ரோஃபென், பராசிற்றமோல் குளிசைகளைத் தாமாகக் கொடுப்பது உயிருக்கே கேடு. நாயின் குடற்புழு முட்டைகள் பிள்ளைகளுக்கும் தொற்றும் என்பதால், புழு மருந்தைத் தவணை தவறாமல் கொடுப்பதும், நாயோடு விளையாடிய கையைக் கழுவுவதும் வீட்டு விதியாக வேண்டும்.

இத்தனையும் எழுதியது நாய் வேண்டாம் என்பதற்காக அல்ல. நாயோடு வளரும் பிள்ளை பொறுப்பையும் பொறுமையையும் கற்கும். தனித்திருக்கும் முதியவருக்கு அது காலையில் எழும்ப ஒரு காரணம். நாளுக்கு இரு தடவை நடப்பது இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் நல்லது. ஆனால் கணக்குப் பாராமல் வாங்கி, ஆறாம் மாதத்தில் முடியாமற் போய்க் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவதற்கு, வாங்காமலே இருப்பது எவ்வளவோ மேல். விண்ணுலக வாயிலிலும் தன்னோடு வந்த நாயைக் கைவிட மறுத்த தருமனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் வீடுகளில், இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஓர் எளிய சோதனை. குட்டியை வாங்குவதற்கு முன் மூன்று மாதம், மாதம் 292 யூரோவை ஒரு தகரப் பேணியிலோ தனிக் கணக்கிலோ போட்டு வரவேண்டும். ஊருக்கு அனுப்பும் பணம், சீட்டுப் பணம், வாடகை எதுவும் குறையாமல் இது நடக்க வேண்டும். அதே மூன்று மாதமும், நாய் இல்லாமலே, காலை ஆறரைக்கும் மாலையிலும் யாராவது ஒருவர் அரை மணி நேரம் நடக்க வேண்டும். மூன்று மாத முடிவில் கையில் 876 யூரோ இருக்கும். அவசர நிதியும் தொடக்கச் செலவில் ஒரு பங்கும் அதிலேயே அடங்கும். பணமும் சேர்ந்து, நடையும் நின்றுபோகாவிட்டால், அந்த வீடு நாய்க்குட்டிக்குத் தயார். இரண்டில் ஒன்று தவறினால், யாருக்கும் நட்டமில்லை. சேர்ந்த பணம் பேணியில் இருக்கும், நடந்த நடை உடம்பில் இருக்கும்.

மேலே சொன்ன வீட்டிலும் பேச்சு இப்படி முடியலாம்.

“அப்ப மூண்டு மாசம் நடந்து பாப்பம், அப்பப்பா. நீங்களும் வாறீங்களோ?”

“வாறன் பிள்ளை. ஆனா தொப்பி போட்டுக்கொண்டு வா. விடியக் குளிர்.”