கணினி கணிதம் கற்பிக்குமா?

கல்வியைப் பற்றிப் பேசும் மேடைகளில் இன்று ஒரு மந்திரம் இடையறாது ஓதப்படுகிறது. பாடசாலைக்கொரு கணினி அறை, பிள்ளைக்கொரு கைக்கணினி, ஊருக்கொரு இணைய இணைப்பு. இவை கிடைத்துவிட்டால் கணிதப் பாடத்தில் நமது பிள்ளைகள் அடையும் தோல்வி சூரியனைக் கண்ட பனிபோல் அகன்றுவிடுமாம். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்பத் தேவையில்லை, ஒரு திரையை அனுப்பினாற் போதும் என்ற எண்ணம் அதிகாரிகளிடையே மட்டுமன்றி, முற்போக்காளர் எனத் தம்மைக் கருதிக்கொள்வோர் சிலரிடையேயும் வேரூன்றி வருகிறது. இவ்வெண்ணம் தவறானது; ஏழை மக்களின் பிள்ளைகளுக்குத் தீங்கானது. இதை நிறுவுவதே எமது நோக்கம்.

நாம் இயந்திரத்தின் விரோதிகளல்லர். விஞ்ஞானத்தின் பேறுகள் மனிதகுலம் முழுவதற்கும் உரியவை. கரும்பலகையும் ஒரு காலத்தில் புதுமைக் கருவியாகவே வகுப்பறைக்குள் வந்தது. கருவி வேண்டுமா வேண்டாமா என்பதன்று கேள்வி. அது யாருடைய உடைமை? யாருடைய நலனுக்காக இயங்குகிறது? ஆசிரியருக்குத் துணையாக வருகிறதா, அன்றி அவருக்குப் பதிலாக வருகிறதா? இவையே கேள்விகள்.

இம்மந்திரத்துக்கு வயது அறுபதுக்கு மேலாகிறது. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே பற்றிக் சூப்பிஸ் என்னும் பேராசிரியர் 1960களில் சிறுவருக்கு எண்கணிதப் பயிற்சி அளிக்கும் கணினிகளை இயக்கினார். கலிபோர்னியாவிலிருந்த கணினியோடு தொலைபேசிக் கம்பி வழியாக மிசிசிப்பி மாநிலத்துப் பிள்ளைகளும் இணைக்கப்பட்டனர். இன்னும் சில ஆண்டுகளில் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு, அலெக்சாந்தருக்கு அரிஸ்ரோட்டில் வாய்த்ததுபோல, ஆளுக்கொரு ஆசான் வாய்க்கப்போகிறார் என்று 1966இல் அவர் எழுதினார். அந்தச் சில ஆண்டுகள் இன்னும் முடியவில்லை! இன்று செயற்கை நுண்ணறிவை விற்போர் அதே வாக்குறுதியைச் சொல்மாற்றிச் சொல்லுகின்றனர்.

அக்காலத்திலேயே இதற்கு எதிரான ஒரு கருத்தும் எழுந்தது. தென்னாபிரிக்காவிற் பிறந்து, அங்கு நிறவெறிக்கெதிரான இயக்கத்தில் நின்றவரான சீமோர் பாப்பேட், 1967இல் தம் தோழர்களுடன் சேர்ந்து லோகோ என்னும் கணினி மொழியை ஆக்கினார். கணினி பிள்ளையை ஆட்டுவிக்கலாகாது, பிள்ளையே கணினியை ஆளவேண்டும் என்பது அவருடைய கொள்கை. லோகோவில் ஓர் 'ஆமை' உண்டு. பிள்ளை இடும் கட்டளைப்படி அது நகரும், திரும்பும், கோடு வரையும். சமபக்க முக்கோணி வரைய முயலும் பிள்ளை, கோணம் 60 பாகை என்று படித்த நினைவில் ஆமையை 60 பாகை திருப்புகிறது. முக்கோணி மூடுவதில்லை, உருவம் எங்கோ ஓடுகிறது. ஆமை திரும்பவேண்டியது உட்கோணத்தின் அளவன்று, புறக்கோணத்தின் அளவு, அதாவது 120 பாகை என்பதைப் பிள்ளை தானே தன் தவறிலிருந்து கண்டுகொள்கிறது. இது கல்வி! ஆயினும், அந்தத் தவறின்முன் பிள்ளை சலித்தெழுந்து போய்விடாமல், 'நீயே ஆமையாக நடந்து பார்' என்று சொல்ல அங்கே ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

கணிதம் கற்பித்தல் என்பதுதான் என்ன? அரையோடு மூன்றிலொன்றைக் கூட்டுமாறு சொன்னால், ஐந்தில் இரண்டு என்று விடை எழுதும் மாணாக்கரை எல்லா வகுப்புகளிலும் காணலாம். பயிற்சிச் செயலி அதைப் பிழையெனக் குறித்து, சரியான விடை ஆறில் ஐந்து என்று காட்டி, அடுத்த கணக்கைத் தரும். பிள்ளை ஏன் பிழைவிட்டது? தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறது. பின்னம் என்பது ஓர் அளவு என்று அது அறியவில்லை. கோட்டின் மேலும் கீழும் நிற்கும் இரு வேறு எண்கள் என்றே கருதுகிறது. நல்லாசிரியர் இதை ஊகித்துக்கொண்டு ஒரு வினா எழுப்புவார்: 'அரைப் பாணோடு இன்னுமொரு துண்டைச் சேர்த்த பின்னர், அது அரைப் பாணிலும் குறைந்துபோகுமா?' ஐந்தில் இரண்டு அரையிலும் சிறிதல்லவா! பிள்ளை திடுக்கிடுகிறது, சிந்திக்கிறது, தன் விடையைத் தானே மறுக்கிறது. விடையைப் பெறுவதன்று, விடையை விசாரிப்பதே கணிதம். இத்தகைய பிழைகளை இனங்காணும் மென்பொருள்கள் இன்று உண்டு என்பர். உண்மைதான், ஆனால் அவை இனங்காணுவது, அனுபவமுள்ள ஆசிரியர்கள் முன்னரே கண்டு சொல்லிவைத்த பிழைகளையன்றோ?

கேத்திரகணிதத்திலே கணினி பேருதவி புரியும் என்பதை மனமார ஒப்புகிறோம். விட்டத்தின் மீது ஒரு முக்கோணியை அமைத்து, அதன் உச்சியை வட்டத்தின் வழியே இழுத்துக்கொண்டு போகலாம். உச்சிக் கோணம் எங்கும் 90 பாகையாகவே நிற்பதைப் பிள்ளை கண்ணாற் காணலாம். கரும்பலகையில் நூறு படங்கள் கீறினாலும் இது கைகூடாது. ஆனால், ஆயிரம் இடங்களில் உண்மையாயிருப்பதாற் மட்டும் ஒரு கூற்று தேற்றமாகிவிடாது. 'ஏன் அப்படி?' என்று ஆசிரியர் கேட்கும்போதே நிறுவல் தொடங்குகிறது. மையத்தை உச்சியோடு இணைத்தால் இரண்டு இருசமபக்க முக்கோணிகள் பிறக்கின்றன என்பதைப் பிள்ளை காணும் அக்கணத்திலேயே காட்சி அறிவாகிறது.

இனி, உலக அனுபவத்தை நோக்குவோம். நூறு டொலருக்கு மடிக்கணினி என்ற திட்டத்தை 2005இல் டாவோஸ் நகரில் செல்வந்தர் மாநாட்டின்போது நிக்கலஸ் நெக்ரொபொன்ரே அறிவித்தார். தென்னமெரிக்க நாடான பெரு இத்திட்டத்தின்படி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கிற்று. அந்நாட்டின் 319 கிராமியப் பாடசாலைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலோ மொழியிலோ பிள்ளைகளின் பெறுபேறு உயர்ந்ததற்குச் சான்றில்லை எனக் கண்டது. செல்வநாடுகளின் அமைப்பாகிய ஓ.ஈ.சீ.டி.யும் 2015இல், கல்விக்கெனக் கணினியில் பெருமுதலிட்ட நாடுகளில் கணிதத் தேர்ச்சி குறிப்பிடத்தக்கவாறு முன்னேறவில்லை என்றே அறிக்கையிட்டது.

எதிர்த்தரப்பார் டில்லியைச் சுட்டிக்காட்டுவர். அங்கு 2015இல், பிள்ளையின் உண்மையான மட்டத்தை அறிந்து கணக்குகளைத் தரும் மென்பொருளைப் பயன்படுத்திய மாலைநேர நிலையங்களில் நாலரை மாதத்தில் கணித அறிவு வெகுவாக உயர்ந்தது. மெய்தான். ஆனால் அந்நிலையங்களிலே பாதிநேரம் கணினியோடும், பாதிநேரம் சிறு குழுவுக்கொரு துணையாசிரியரோடும் கழிந்தது. பெருவில் பிள்ளையிடம் பெட்டி கொடுக்கப்பட்டது. டில்லியில் பெட்டியோடு ஒழுங்கான நேரமும் மனிதத் துணையும் கொடுக்கப்பட்டன. வேற்றுமை இதிலன்றோ இருக்கிறது?

நமது நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொள்ளைநோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி இணையத்துக்கு மாற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் இந்நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கிடமே கணினி இருந்தது; தோட்டப்புறங்களிலோ அது மிக மிக அற்பம். அலைவரிசை தேடி மரத்திலும் குன்றிலும் ஏறிநின்ற பிள்ளைகளின் படங்கள் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. தந்தையின் ஒற்றைக் கைப்பேசிக்காகக் காத்திருந்த பிள்ளைக்கும், தனியறையில் மடிக்கணினியோடு இருந்த பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்தானே வைக்கப்பட்டது!

அவ்வாண்டு யூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரிய சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. உடனே இணையக் கல்வி நாடெங்கும் தடுமாறிற்று. கணினிகள் இருந்தன, இணைப்புகள் இருந்தன, கல்வி இல்லை! தம் கைப்பணத்தில் இணையக் கட்டணஞ் செலுத்தி, தம் சொந்தக் கைப்பேசியில் பாடம் நடத்திய ஆசிரியரின் உழைப்பே அதுகாறும் 'தொழில்நுட்பம்' என்ற பெயரில் போற்றப்பட்டு வந்தது என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளைக் கொண்ட இந்நாட்டில், உயர்தரக் கணித விஞ்ஞானப் பிரிவுகளையுடைய 1ஏபி வகைப் பாடசாலைகள் பத்திலொரு பங்கு அளவினவே. 1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி பாடசாலைக் கதவைத் திறந்தது. கணிதத்தின் கதவு இன்னும் பலருக்குத் திறக்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்புவதாகக் கூறிக்கொண்டே வர்த்தகம் உள்ளே நுழைகிறது. இந்தியாவின் பைஜூஸ் கம்பனியின் கதை நமக்கு ஒரு பாடம். 2022இல் அதன் பெறுமதி 2,200 கோடி டொலர் என மதிக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில், ஏழைப் பெற்றோரை வற்புறுத்திப் பாடங்களை விற்பதாக எழுந்த முறைப்பாடுகளின் பேரில் அதன் தலைவருக்குச் சிறுவர் உரிமை ஆணைக்குழு அழைப்பாணை அனுப்பிற்று. 2024இல் கம்பனி நொடிப்பு வழக்கில் வீழ்ந்தது. ஒஸ்திரிய மாணவர் ஒருவர் 2001இல் தொடங்கி, பல நாட்டு ஆசிரியர்கள் மொழிபெயர்த்தும் பாடங்கள் ஆக்கியும் இலவசமாக வளர்த்த ஜியோஜீப்ரா என்னும் கேத்திரகணித மென்பொருளையும் 2021இல் இக்கம்பனியே விலைக்கு வாங்கியிருந்தது! பலர் கூடி உழைத்து ஆக்கிய பொருள் சிலருடைய வியாபாரச் சரக்காவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமா?

ஆகவே, நமது கோரிக்கைகள் தெளிவானவை. முதலில் ஒவ்வொரு பாடசாலைக்கும் பயிற்றப்பட்ட கணித ஆசிரியர் வேண்டும். கணினி அதற்கு அடுத்தது. கணினியைக் கையாளும் பயிற்சி ஆசிரியருக்கு வேலைநேரத்திலேயே, அரசின் செலவில் அளிக்கப்படல் வேண்டும். மென்பொருள்கள் தமிழிலும் சிங்களத்திலும், எவரும் திருத்தி வளர்க்கக்கூடிய பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும். கருவியின் செலவோ இணைப்பின் செலவோ பெற்றோர் தலையிலும் ஆசிரியர் தலையிலும் சுமத்தப்படலாகாது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! 'கணினி வேண்டாம்' என்று ஒதுங்கி நிற்பது பழமைவாதம். 'கணினியே போதும்' என்று ஆட்சியாளர் சொல்லும்போது மௌனமாயிருப்பது அதனினும் பெரிய தீங்கு. அடுத்த முறை உங்கள் பாடசாலையில் ஒரு கணினி அறை திறந்துவைக்கப்படும்போது, நாடா வெட்ட வந்திருக்கும் பிரமுகரிடம் கேளுங்கள்: இந்த அறைக்குக் கணித ஆசிரியர் எப்போது வருவார்?